கூடுதல் விளக்குக்கு ரிலே எதற்கு?

சிங்கப்பூருக்குள் தெருவிளக்கு வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. உட்லண்ட்ஸ் தாண்டி இரவில் மலேசிய நெடுஞ்சாலையில் ஓட்டும்போதுதான் கூடுதல் விளக்கு வேண்டும் என்று தோன்றும். வண்டியில் எதை மாற்றலாம், எதற்கு அனுமதி தேவை என்பதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் இருக்கின்றன. வயரைத் தொடும் முன் அவற்றைப் பார்த்துவிடுங்கள்.

சரி, 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டாஷ்போர்டில் வைக்கும் சின்ன சுவிட்சுகள் பலவும் இதைத் தாங்காமல் உள்ளே கருகிவிடும். தாங்கினாலும், டாஷ்போர்டு வரை வந்து திரும்பும் நீளமான மெல்லிய வயரில் வோல்ட்டேஜ் குறையும். ஹாலஜனுக்கு 10 சதவீத வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும்!

ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச். இந்த இரண்டு சிக்கலையும் அது தீர்க்கிறது. உள்ளே ஒரு செம்புக் கம்பிச் சுருள். அதில் 0.15 ஆம்பியர் அளவுக்கு ஓடினாலே அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். 'டிக்' என்று கேட்பது அதுதான். தகடு தொடுமுனைகளைச் சேர்த்ததும், பெரிய மின்னோட்டம் தடித்த வயரில் பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்குப் போகும். சுவிட்ச் சுமப்பது அந்தச் சிறு மின்னோட்டத்தை மட்டும்தான். அணைத்தால் ஸ்பிரிங் தகட்டைப் பிரித்துவிடும்.

ரிலேயின் கால்களில் எண்கள் இருக்கும். 30இல் பேட்டரி பாசிட்டிவ், 87இல் விளக்கு, 86இல் சுவிட்ச், 85இல் எர்த், அதாவது வண்டியின் உலோக பாடியோடு சேரும் இணைப்பு. 30க்குப் போகும் வயரில் 15 ஆம்பியர் பியூஸ் வேண்டும், பேட்டரியை ஒட்டியே. பியூசுக்கு முன்னால் உள்ள வயர் உரசி பாடியில் பட்டால் மின்னோட்டத்தைத் தடுக்க எதுவும் இல்லை, தீப்பிடிக்கலாம். இதில் மட்டும் சமரசமே கூடாது.

சுவிட்சுக்கு மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்தே எடுத்தால், வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். தொலைவுக்கு வீசும் விளக்கென்றால் ஹை பீம் வயரிலிருந்து எடுப்பதே நல்லது என்பேன். எதிரே வண்டி வந்து லோ பீமுக்கு மாற்றியதும் இதுவும் தானே அணையும், எதிரில் வருபவர் கண் கூசாது.

அப்புறம் எர்த். நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் அது எளிதில் துருப்பிடிக்கும். பெயிண்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். பிறகு விளக்கு மங்கினால், எரியும்போதே பேட்டரி நெகட்டிவுக்கும் விளக்கின் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் பக்கம்தான்.