சோளக்கட்டைக்குள் கங்கு: மலிவான சுங்கான்கள் ஏன் எரிந்துபோவதில்லை?

மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையை அடுப்பில் போட்டால் சில நிமிடங்களில் சாம்பலாகிவிடும். ஆனால் அதே கட்டையை நன்றாகக் காயவைத்து, நடுவில் குடைந்து, உள்ளே புகையிலையை நிரப்பித் தீ வைத்தால் அரை மணி, முக்கால் மணி நேரம் கையிலேயே பிடித்திருக்கலாம். கட்டை எரியாது, விரலும் சுடாது. முதல் தடவை அப்படி ஒன்றைக் கையில் வாங்கியபோது எனக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. எதனால் இப்படி என்று தேடப் போய்த்தான் சுங்கான், அதாவது புகையிலை பிடிக்கும் குழாய், செய்யும் பொருட்கள் மீதே ஒரு பிரியம் வந்தது. பார்த்தவரைக்கும் எனக்குத் தோன்றுவது இதுதான்: சுங்கானின் உடம்பு சூட்டைத் தடுக்க வேண்டும், ஈரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், இந்த இரண்டு வேலையையும் மலிவான பொருட்களே அருமையாகச் செய்துவிடுகின்றன.

முதலில் நெருப்பைப் பார்ப்போம். புகையிலை நிரப்பும் குழியான கிண்ணத்துக்குள் இருப்பது சுவாலை இல்லை, நீறு பூத்த நெருப்பு. தீக்குச்சியை மேலே காட்டி மெதுவாக இழுத்தால் இழைகள் சுருண்டு மேலே எழும்பும். அவற்றில் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுவதால்தான் அப்படி எழும்புகின்றன. லேசாக அழுத்திவிட்டு மறுபடி பற்றவைத்தால் மேல்பரப்பு முழுக்க ஒரே சீராகக் கனியும். அந்தக் கங்கு சில மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதன் சூடு பல நூறு டிகிரி செல்சியஸ், மரமோ 300 டிகிரிக்குள்ளாகவே கருக ஆரம்பித்துவிடும். அப்படியானால் கிண்ணம் தப்பிப்பது எப்படி?

கங்குக்கு மேலே சாம்பல், கீழே எரியாத புகையிலை, இரண்டுமே சூட்டை எளிதில் கடத்தாதவை. காற்றும் வாயால் இழுக்கும்போதுதான் உள்ளே வருகிறது, இழுப்பை நிறுத்தினால் ஆக்சிஜன் குறைந்து கங்கு அடங்கிவிடும். சுவரும் சூட்டைக் கடத்துவதில் படுமந்தம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் மரம் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கடத்தாது, அதிலும் சோளக்கட்டையின் உள்பகுதி முழுக்கக் காற்று அடைத்த நுண்ணறைகள். அதனால் சூடு வெளிப்பக்கம் வந்து சேர்வதற்குள் புகையிலை தீர்ந்துவிடுகிறது. ஆனால் வேகவேகமாக இழுத்தால் இந்தக் கணக்கெல்லாம் தவறிப்போகும். நான் பழகிய புதிதில் ஒரு பேரிமரச் சுங்கானை ஊதுலை மாதிரி இழுத்து, பத்தே நாளில் அடிப்பக்கம் கரும்புள்ளி விழுந்து, கடைசியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டையே விழுந்துவிட்டது. பேரிமரம் ஒன்றும் மோசமான மரம் இல்லை, நிதானமாக இழுத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

மரச் சுங்கானைக் காப்பாற்றும் இன்னொன்று உள்சுவரில் படியும் கரி. புகைத்துப் புகைத்து ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அது படிந்துவிட்டால் மரத்துக்கும் கங்குக்கும் நடுவே தடுப்பாக நிற்கும். அதற்காக வளரவிட்டுக்கொண்டே போகக் கூடாது. கரியும் மரமும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை என்பதால், படிவு தடித்தால் கிண்ணம் விரிசல் விடும்.

இனி ஈரம். புகையிலையிலேயே ஈரம் இருக்கிறது, அது போதாதென்று எரியும்போது புதிதாக நீராவியும் உண்டாகிறது, ஏனென்றால் இலையில் உள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்தால் தண்ணீர்தானே. இந்த நீராவி குளிர்ந்த தண்டில் பட்டுச் சொட்டாக மாறும்போதுதான் 'களக் களக்' என்று சத்தம் வருகிறது. நாக்கு எரிவதில் இந்த நீராவிக்கும் பங்கு உண்டு. ஒரு கிராம் நீராவி நாக்கில் பட்டுத் தண்ணீராக மாறினால் 2,200 ஜூலுக்கும் மேல் வெப்பத்தை அங்கேயே கொட்டிவிடும். உலர்ந்த புகையால் அந்த அளவு சூட்டைச் சுமந்து வர முடியாது. அதனால்தான் ஈரத்தை உறிஞ்சும் சுங்கானில் புகை இதமாக இருக்கிறது, பளபளவென்று உள்ளேயும் வழவழப்பாக இருப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் சட்டென்று நனைந்துபோகிறது.

சோளக்கட்டை இந்த வேலையில் கெட்டிக்காரன். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் வாஷிங்டன் என்ற ஊரில், 1869-ல், ஹென்றி டிபி என்ற மரக்கடைசல்காரர் இதைச் செய்து விற்க ஆரம்பித்தார், அந்தத் தொழில் இன்றும் அங்கே நடக்கிறது. கட்டையை நீண்ட நாள் காயவைத்து இறுகச் செய்வார்கள். மேற்பரப்பில் உள்ள குழிகளை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி அடைத்து வழவழப்பாக்கும் முறைக்கு டிபி 1878-ல் காப்புரிமை வாங்கினார். ஒரு சோளக்கட்டைச் சுங்கானுக்குள் எட்டிப் பாருங்கள், மரத்தண்டின் நுனி கிண்ணத்துக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் சில தடவை அது கருகும்போது புகையில் ஒரு மரவாடை வரும், பயப்பட வேண்டாம், அப்புறம் கரி மூடியதும் அந்த வாடை போய்விடும்.

டிபியின் சுங்கானுக்கு 'மிசௌரி மீர்ஷாம்' என்று பெயர் வந்ததற்கும் காரணம் உண்டு. மீர்ஷாம் என்றால் ஜெர்மன் மொழியில் கடல் நுரை. செபியோலைட் என்கிற வெள்ளைக் கனிமம், மக்னீசியமும் சிலிக்காவும் கலந்தது. நல்ல தரமானது துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் கிடைக்கிறது. உள்ளே அவ்வளவு நுண்துளைகள் இருப்பதால் காய்ந்த கட்டி தண்ணீரில் மிதக்கும், நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். எரியவே எரியாது, ஈரத்தை உறிஞ்சுவதில் இதற்கு ஈடு இல்லை. மேலே தேன்மெழுகு ஏற்றியிருப்பார்கள், சூட்டில் மெழுகும், புகையில் வரும் பிசினான தாரும் கலந்து வருஷங்கள் போகப் போக வெள்ளை பொன்னிறமாகி, பிறகு தேன் நிறத்துக்கு வரும். முழுக்கட்டியில் செதுக்கியது விலை அதிகம். செதுக்கும்போது உதிரும் துண்டுகளையும் தூளையும் பிணைத்து அழுத்திச் செய்வது மலிவு, ஆனால் அழுத்தியதில் துளைகள் குறைந்துவிடுவதால் கனமாக இருக்கும், உறிஞ்சுவதும் குறைவு. கைக்கு அடக்கமான காசில் வாங்குவதானால் இதற்குப் பதில் நான் சோளக்கட்டையையே சொல்வேன்.

களிமண் இவர்கள் எல்லோருக்கும் மூத்தது. மெருகு பூசாத வெள்ளைக் களிமண்ணைச் சூளையில் சுட்டது, சுவர் மெல்லியது, சூட்டை மரத்தைவிட நன்றாகவே கடத்தும், அதனால் கிண்ணத்தைத் தொட முடியாமல் தண்டைப் பிடித்துத்தான் புகைக்க வேண்டும். பதிலுக்கு, புகையிலையின் சுவையோடு தன் வாடையைக் கொஞ்சமும் கலக்காது. இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகையிலை விலை அதிகம் என்பதால் கிண்ணங்கள் சின்னதாக இருந்தன, விலை இறங்க இறங்கக் கிண்ணமும் பெரிதானது. தண்டு நீளமாகி, அதன் துளை குறுகிக்கொண்டே வந்தது. ஜே. சி. ஹாரிங்டன் என்ற அமெரிக்க அகழாய்வாளர் உடைந்த தண்டுகளை அளந்து பார்த்து 1954-ல் இதை எழுதினார்: 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அங்குலத்தில் 64-ல் 9 பங்கு இருந்த துளை, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 64-ல் 4 பங்காகக் குறைந்துவிட்டது. மலிவு என்பதால் உடைந்ததும் வீசி எறிந்தார்கள், எறிந்ததெல்லாம் மண்ணுக்குள் கெடாமல் கிடந்தது. இன்று ஓர் அகழாய்வுக் குழியின் காலத்தைக் கணிக்க அந்தத் துண்டுகளின் துளையை அளக்கிறார்கள். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பிரையர் பற்றி எல்லோரும் நிறையச் சொல்வதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்தியதரைக்கடல் ஓரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடியில், வேரும் தண்டும் சேரும் இடத்தில் திரளும் முண்டு அது. காட்டுத்தீயில் மேலே எல்லாம் கருகினாலும் இந்த முண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும், அந்த அளவு அடர்த்தி, சிலிக்காவும் உண்டு. வெட்டி, பல மணி நேரம் கொதிக்கவைத்து, மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். கடையில் அதன் விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் மரத்தின் ரேகை. ரேகை நேராக, குழி விழாமல் இருந்தால் விலை ஏறும். குழியைப் பூச்சால் அடைத்தது, அல்லது குழி தெரியாமல் மேற்பரப்பைச் சொரசொரப்பாகக் கொத்தியது மலிவாகக் கிடைக்கும். கங்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தண்டின் துளை கிண்ணத்தின் அடியில் சரியாக வந்து திறக்கிறதா, சுவர் போதுமான தடிமனா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சுங்கான் துடைக்கும் பஞ்சுக்கம்பி ஒன்றைத் தண்டின் நுனியிலிருந்து விட்டுப் பார்த்தால் தடங்கலில்லாமல் கிண்ணத்தின் அடியில் தலை காட்ட வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும், இதுவும் வேதியியல்தான். சுங்கான் புகையில் காரத்தன்மை கூடுதலாக இருக்கும் என்பதால் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் சேர்ந்துவிடும், நுரையீரலுக்கு இழுக்காவிட்டாலும் பழக்கம் பிடித்துக்கொள்ளும். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்க்கு வாய்ப்பும் கூடுகிறது. எந்தப் பொருளில் செய்த சுங்கானும் இந்தக் கேட்டை வடிகட்டாது. சோளக்கட்டை உறிஞ்சுவது தண்ணீரையும் கொஞ்சம் தாரையும்தான், கார்பன் மோனாக்சைடை இல்லை. சுங்கானே புகைக்காதவர் ஆரம்பிக்க இந்தப் பொருட்களின் அருமை ஒரு காரணம் ஆகவே ஆகாது.

பராமரிப்பும் பொருளுக்குப் பொருள் மாறும். சோளக்கட்டையும் மரமும் ஒருநாள் புகைத்தால் மறுநாள் ஓய்வில் காய வேண்டும், உள்ளே ஈரம் தங்கினால் கசக்கும். கெட்டி ரப்பரான கருப்பு எபோனைட்டில் செய்த கடிமுனை (வாயில் வைக்கும் நுனி) வெயிலில் கிடந்தால் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும், ரப்பரோடு சேர்த்த கந்தகம் வெளிச்சமும் காற்றும் பட்டு மாற்றமடைவதால்தான் அது, மென்மையாகத் தேய்த்தால் போய்விடும். மீர்ஷாமில் கரி படியவே விடக் கூடாது, ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட வேண்டும். களிமண் சுங்கானுக்கு மட்டும் வழி வேறு. தாரேறிக் கருப்பாகிப்போனதை அப்படியே தணலில் புதைத்துவிடுங்கள். உள்ளே ஊறிய தார் மொத்தமும் எரிந்துபோகும். தணல் தானாக ஆறும்வரை பொறுத்திருந்து எடுத்தால், சூளையிலிருந்து முதல்நாள் வந்த மாதிரி வெள்ளையாக இருக்கும்.