பற்சிப்பி அரிப்பா, பற்சிப்பிக் குறையா?

கோதுமை உணவால் உடல் தன் சிறுகுடலையே தாக்கும் செலியாக் நோய் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் பல் பற்றிய பத்தியில் ‘பற்சிப்பி அரிப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் ‘எனாமல் தேய்மானம்’. போன வாரம் இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்ததும் பொறுமை போய்விட்டது.

எனாமல், உருக்குவதைக் குறிக்கும் ஜெர்மானிய வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். உலோகத்தின் மேல் உருக்கி ஏற்றும் கண்ணாடிப் பூச்சுக்குப் பெயர். பல்லின் கடினமான மேலுறைக்குப் பிற்பாடுதான் ஒட்டியது. தமிழில் பற்சிப்பி. சிப்பியின் கடினமும் பளபளப்பும் அதில் இருக்கின்றன. மிளிரி என்றும் ஒரு சொல் உண்டு, அழகுதான், விளக்கினால்தான் புரியும். எனாமல் என்றே எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை. ‘என்று சொல்லாமல்’ என யாரும் படித்துவிடாமல் இருந்தால் சரி.

என் சண்டை அரிப்போடு. மண்ணரிப்பு, கடலரிப்பு எல்லாம் வெளியிலிருந்து ஒன்று வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போவது. எலுமிச்சைச் சாறும் குளிர்பானமும் பல்லை அப்படிக் கரைக்கும், அங்கே அந்தச் சொல் பொருந்தும். செலியாக்கில் நடப்பது வேறு. ஞானப்பல் நீங்கலாக, நிலைப்பற்களின் சிப்பி ஏறக்குறைய ஏழு வயதுக்குள் தாடைக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. அந்த வயதில் கோதுமையின் குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சிதைந்து சுண்ணாம்புச் சத்து சரியாகச் சேராமல் போகலாம். உடலின் எதிர்ப்பாற்றலே சிப்பியை உருவாக்கும் புரதங்களைத் தாக்கவும் செய்யலாம். அப்போது பல் முளைக்கும்போதே குழியும் வரிப்பள்ளமும் வெள்ளை, மஞ்சள், பழுப்புத் திட்டுமாக முளைக்கிறது. இதற்கு 1986இல் பின்லாந்தில் ஐனே என்ற பல் ஆய்வாளர் வகுத்த தரப்பட்டியலில் முக்கியமான அடையாளம், இடப்பக்கம் எந்தப் பல்லோ வலப்பக்கமும் அதே பல் பாதிக்கப்பட்டிருப்பது. தேய்மானம் இப்படி ஜோடி பார்த்துத்தான் வர வேண்டும் என்பதில்லை.

மருத்துவர்கள் ஹைப்போபிளேசியா என்பார்கள். கிரேக்கத்தில் ஹைப்போ குறைவு. பிளாசிஸ், மண்ணைப் பிசைந்து உருவம் கொடுப்பது. நம் வனைதல்தான். சக்கரத்திலேயே கோணிப்போன பானையை, புழங்கித் தேய்ந்தது என்பார்களா? ‘குறைவனைவு’ என்று எழுதிப் பார்த்தேன், வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை, விட்டுவிட்டேன். பற்சிப்பிக் குறை போதும். சிப்பி மெல்லிசாக இருந்தாலும் தாதுச்சத்து பற்றாமல் இருந்தாலும் இரண்டுக்கும் பொருந்தும்.

இன்னொரு கூத்து. இதே நோயில் சிலருக்கு முழங்கையிலும் முழங்காலிலும் கொப்புளம் கிளம்பி பயங்கரமாக அரிக்கும். ஆக, ஒரே கட்டுரையில் தோலிலும் அரிப்பு, பல்லிலும் அரிப்பு! பல்லைச் சொறிவதா? ஒருமுறை வாய்விட்டு வாசித்திருந்தால் மொழிபெயர்த்தவருக்கே சிரிப்பு வந்திருக்கும். கணினி துப்பியதை அப்படியே ஒட்டுகிறார்கள். செலியாக்கை ‘கோதுமை ஒவ்வாமை’ ஆக்கியதும் இந்தக் கூட்டம்தான். ஒவ்வாமை வேறு, உடல் தன்னையே தாக்குவது வேறு.

தேய்மானம் என்று படிக்கும் அம்மா பிள்ளையைத்தான் திட்டுவார்: மிட்டாய் தின்றாய், ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை. குறை என்று படித்தால், எதனால் என்று கேட்பார். வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாத பிள்ளைக்குப் பல் மட்டுமே நோயைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனை; அதையும் சப்பாத்தியை நிறுத்துவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.