2047ஐ வகுத்துப் பாருங்கள்

ஹட்டன் பகுதியில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கணிதம் கற்பித்துவரும் நான், ஒரே தவணையில் ஐந்தாவது கொப்பியிலும் அதே பிழையைச் சிவப்பு மையால் வெட்டிய பிறகே இதை எழுதுகிறேன். 2024 ஒக்டோபரில் லூக் டுராண்ட் கண்டறிந்த மிகப் பெரிய முதன்மை எண் (1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்) பற்றிய செய்தி வட்ஸ்அப்பில் பரவியது முதல், ‘2இன் சுட்டியாக ஒரு முதன்மை எண்ணை இட்டு 1ஐக் கழித்தால் எப்போதும் முதன்மை எண்ணே வரும்’ என்ற சுருக்கு வழி பிரத்தியேக வகுப்புத் தாள்களில் அச்சாகி வருகிறது.

செய்தி சரியானது. 2இன் 136,279,841ஆம் வலுவில் 1ஐக் கழித்தால் வரும் எண் 41,024,320 இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்தான். சுருக்கு வழிதான் தவறு. சுட்டி சேர்த்தி எண்ணாயின் (சிறிய எண்களின் பெருக்கமாகப் பிரியக்கூடியதாயின்) விடையும் சேர்த்தி எண்ணாகும் என்ற உண்மையை யாரோ தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். 2, 3, 5, 7 ஆகிய சுட்டிகளுக்கு 3, 7, 31, 127 என முதன்மை எண்களே வருவதால் பிள்ளை அங்கேயே நம்பிவிடுகிறது. அடுத்த சுட்டியான 11க்கு வருவது 2047. அது 23 × 89. பின்னர் 13, 17, 19 மூன்றும் மீண்டும் முதன்மை எண்களைத் தந்து நம்பிக்கையை வளர்க்க, 23இல் கிடைக்கும் 8,388,607 என்பதோ 47 × 178,481 ஆகப் பிரிகிறது. அந்தப் பெரிய சுட்டி வரை எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட முதன்மை எண்கள் இருக்க, இந்த வடிவில் இதுவரை அறியப்பட்ட முதன்மை எண்கள் 52 மட்டுமே.

இவ்வாறு முதன்மை எண்ணைத் தரும் சுட்டிகள் என 1644இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் வெளியிட்ட பட்டியலில் 67ஐயும் சேர்த்திருந்தார். அந்தச் சுட்டி தரும் எண் முதன்மை எண் அல்ல என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் எட்வார்ட் லூக்கா 1876இல் காட்டினார்; 1903இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் அதனை 193,707,721 × 761,838,257,287 எனப் பிரித்தார். மெர்சென்னே தவறிய இடத்தில் பிள்ளைகள் தவறுவதை நான் குறைசொல்லவில்லை. சரிபாராமல் அச்சிடுபவர்களைத்தான் சொல்கிறேன்.

2047இன் வர்க்கமூலம் 45ஐச் சற்றே தாண்டும். ஆகவே 43 வரையான பதினான்கு முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஒன்பதாவதான 23இலேயே மீதி இல்லாமல் போகும். (ஆசிரியர்களுக்கு: இவ்வகை எண்ணின் காரணிகள் சுட்டியின் இரு மடங்கால் வகுபடும் எண்ணொன்றை விட 1 கூடியவையாகவே இருக்கும் என்பதால், 11க்கு முதலில் சோதிக்க வேண்டியதே 23தான்.) பெரிய எண்களுக்குக் கைத்தொலைபேசியின் கணிப்பானை நம்ப வேண்டாம்; கடைசி இலக்கங்களை அது வெட்டிவிட்டால் மீதியும் பொய்யாகிவிடும்.

மாலையில் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைத் தாமே எட்டிப் பார்க்கும் தாய்மாரின் பிள்ளைகள் இவர்கள். தயவுசெய்து, அடுத்த முறை அந்தத் தாள் வீட்டுக்கு வந்தால், பிள்ளையின் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து 2047ஐ 23ஆல் வகுக்கச் சொல்லுங்கள்.