சட்டைத் தோளில் லிப்ஸ்டிக்

உறவுக்காரக் கல்யாணத்தில் அக்கா ஆசையாகக் கட்டிப்பிடித்ததில் என் வெள்ளைச் சட்டைத் தோளில் லிப்ஸ்டிக் ஒட்டிக்கொண்டது. பதறிப்போய்த் தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தேன். நகத்தளவு இருந்த கறை உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது.

லிப்ஸ்டிக் என்பது மெழுகும் விளக்கெண்ணெய் போன்ற எண்ணெய்களும் நிறப்பொடியும் சேர்ந்த குழைவு. மெழுகோடு தண்ணீர் சேராது. தேய்க்கத் தேய்க்க, நிறப்பொடி நூலிழைகளின் இடுக்கில் இறங்கும். வெந்நீர் ஊற்றினால் இன்னும் மோசம்: மெழுகு உருகி உள்ளே ஓடி, ஆறியதும் அங்கேயே இறுகும். கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரியும் போடாதீர்கள்.

எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். முதலில் கரண்டி முனையால் மேலாக வழித்தெடுங்கள். கறைப் பக்கத்தைப் பழைய துணிமேல் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பஞ்சால் ஒற்றுங்கள். சிவப்பு அடித்துணிக்கு இறங்குவது கண்ணுக்கே தெரியும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவுங்கள். அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெய்த் துளியை இவை சுற்றி வளைத்துக்கொள்ள, தண்ணீர் அதை நிறப்பொடியோடு அடித்துச் செல்லும். பட்டுப்புடவையில் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம், டிரை வாஷுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கண்மைக்கும் இதே வழிதான். ஆனால் அதன் கறுப்பு விளக்குக்கரி, அதாவது கார்பன். அது எதிலும் கரையாது, பிளீச்சுக்கும் அசையாது. சுற்றியுள்ள எண்ணெய்ப் பசையை எடுத்தால்தான் கரி பிடிவிட்டு வெளியேறும். பொறுமையாக இரண்டு மூன்று முறை செய்யவேண்டும்.

குங்குமத்தின் கதையே வேறு. மஞ்சளோடு காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்க்குணம்) கொண்ட சுண்ணாம்பு சேர்ந்ததால் வந்த சிவப்பு அது. சோப்பும் காரம் என்பதால், போட்டதும் கறை மேலும் சிவக்கும். எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், சிவப்பு கண்ணெதிரே மஞ்சளாகும். நிறம் மாறியதே தவிர, மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் இன்னும் துணியில்தான் இருக்கிறது. அதை வெயில் சிதைத்துவிடும். அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும். சாயத்துணி என்றால் முதலில் உள்தையலில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்.

எலுமிச்சை பட்டும் மஞ்சளாகாமல் சிவப்பாகவே நின்றால், அந்தக் குங்குமத்தில் செயற்கைச் சாயம் கலந்திருக்கக்கூடும். அதை நெற்றியில் வைக்கலாமா என்றும் யோசியுங்கள்.