வழங்காத கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்

திருகோணமலை உவர்மலையில் ஒரு வீடு. அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து மூன்று கிழமை, இடப்பக்கம் வழங்கவில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் அவரிடம் ஓடிவிட்டாள். "எழும்புங்கோ அப்பா, மிஸ் வந்திட்டா" என்று இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவருடைய முகம் சுருங்கியது. சத்தம் வரவில்லை.

இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வீடுகளுக்குப் போகும்போது நான் அதிகம் காண்பது இதைத்தான். பாசத்தில் இழுக்கிறார்கள். ஆனால் தோளுக்கு அது தெரியாது.

தோள்மூட்டு என்பது ஆழமில்லாத கிண்ணத்தில் வைத்த பந்து போன்றது. அந்தப் பந்தை விலகாமல் பிடித்திருப்பதில் பெரும்பங்கு சுற்றியுள்ள தசைகளுக்கு. அவை தளர்ந்துவிட்டால் கையின் பாரமே பந்தைக் கீழே இழுக்கும். சிலருக்குத் தோள்முனைக்குக் கீழே விரல் வைக்கிற அளவுக்குப் பள்ளம் விழும். அந்த நேரத்தில் இழுத்தால் உள்ளே காயம்தான். நோவு வந்தால் கையைத் தொட விடமாட்டார். அசையாத தோள் இறுகிப்போகும்.

எப்படி எழுப்புவது? கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடம்பை முன்னே சாய்த்து அவரே எழும்பப் பார்க்கட்டும். நீங்கள் வழங்காத பக்கமாக நின்று இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். கக்கத்துக்குள் கைபோட்டுத் தூக்குவதும் கூடாது. இருக்கும்போது அந்தக் கைக்குக் கீழே தலையணை வேண்டும். இடப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு அந்தக் கை இருக்கிற நினைப்பே குறைந்துவிடும், சில்லுக் கதிரைக்கு வெளியே தொங்கினாலும் கவனிக்கமாட்டார்கள். சட்டை போடும்போது வழங்காத கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

கூரை வளையில் கயிறும் கப்பியும் கட்டி, நல்ல கையால் மற்றக் கையை மேலே இழுக்கவைக்கும் வீடுகளும் உண்டு. தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள், தோள்நோவைக் கூட்டுகிற பயிற்சி அது. எண்ணெய் பூசலாம், மெதுவாக. இழுத்து முறிக்கவேண்டாம்.

"கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டோ?" என்றும் கேட்பார்கள், அங்குள்ள வெந்நீர்க் கிணறுகளில் குளிக்கவைக்க. ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே அளவில்லை, நிலமும் ஈரம். வழங்காத பக்கத்துக்குச் சூடு உறைக்காமல் போகலாம் என்பதால், முதலில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். வீட்டில் வைக்கும் சுடுதண்ணீர்ப் பைக்கும் இதே கவனம் வேண்டும்.

அன்று மகள் அழுதாள். "நானே அப்பாவுக்கு நோவு குடுத்தனான்?" அவளுக்கு ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை, அதுதான் உண்மை. ஆகவே ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்று, ஓட்டோவுக்குச் சொல்லுமுன், அங்குள்ள இயன்மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்க, நீங்களே ஒருமுறை அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் கதிரையில் இருத்திக் காட்டுங்கள். தோள் ஏற்கெனவே நோகிறது என்றால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கவேண்டாம்.