வெள்ளத் தாங்கல்

கோலாலம்பூரின் கெப்போங் மாநகரப் பூங்காவில் மாலை வேளையில் வானமெங்கும் பட்டங்கள் பறக்கும். கீழே விரிந்த ஏரி, கரையில் நடப்பவர்கள். அந்த ஏரிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பெருமழையின்போது நகரத்தின் வெள்ளத்தை அது வாங்கிக்கொள்கிறது. மலாய் மொழியில் அதற்குப் பெயர் 'கோலாம் தக்குங்கான் பஞ்சிர்'. 'தக்குங்' என்றால் நீரை ஏந்திச் சேர்த்தல், 'பஞ்சிர்' என்றால் வெள்ளம். 'கோலாம்' வேறொன்றுமில்லை, கடல் கடந்து போன நம் 'குளம்'தான்!

ஆங்கிலத்தில் இது ரிட்டென்ஷன் பேசின். அதன் வேர், லத்தீனில் 'பிடி, தாங்கு' என்று பொருள்படும் 'தெனேரெ'. பொறியாளர்கள் எப்போதும் நீர் நிற்பதை ரிட்டென்ஷன் என்றும், மழைக்குப் பின் வற்றிவிடுவதை டிட்டென்ஷன் என்றும் பிரிப்பார்கள். இரண்டும் இயங்கும் விதம் ஒன்றே. வரும் வழி அகலம், வெளியேறும் வழி குறுகல். மிகுந்த நீர் உள்ளே தங்கி, ஆறு தணிந்த பிறகு மெல்ல வடிகிறது. அதற்கும் மேல் ஏறினால் கலிங்கு வழியாக வழியும்.

தமிழில் 'வெள்ளத் தடுப்புக் குளம்' என்று எழுதுகிறோம். எனக்கு அது உறுத்துகிறது. தடுப்பது சுவரின் வேலை. இந்தக் குளமோ வெள்ளத்துக்கு இடம் கொடுக்கிறது. வட தமிழகத்தில் சிறிய ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். சென்னையில் பழவந்தாங்கல் என்று ரயில் நிலையப் பலகையில் தினமும் படிக்கிறோம், பொருளை மறந்துவிட்டோம். லத்தீன் வேரின் பொருள் அப்படியே இந்தச் சொல்லில் இருக்கிறது. ஆகவே 'வெள்ளத் தாங்கல்' என்பதே பொருத்தம். வற்றிவிடும் வகையை 'உலர் தாங்கல்' எனலாம்.

உலர் தாங்கல் ஆண்டின் பெரும்பகுதி புல்வெளியாகவே கிடக்கும். பிள்ளைகள் பந்தாடலாம், தாழ்ந்த ஈர மூலைகளில் நாணலும் தவளையும் தும்பியும் தாமாக வந்து சேரும். காலியாகத் தெரிவதுதான் அதற்கு ஆபத்து. கோலாலம்பூரிலேயே இத்தகைய குளங்களின் பகுதிகள் கட்டுமானத்துக்குக் கைமாறியது பெரும் சர்ச்சையானது. மனிதர் நடமாடும், பறவை இறங்கும் இடத்தை வெற்றுநிலம் என்று சொல்லிப் பறிப்பது கடினம்.

பறவை என்றதும் வேடந்தாங்கல் நினைவுக்கு வருகிறது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்தச் சரணாலயம், வயலுக்கு நீர் தரும் ஒரு பாசன ஏரி. அதன் பெயரிலும் ஒரு தாங்கல் இருக்கிறது.