இரண்டாந்தரத் தேர்தல் என்று ஒரு தேர்தல் உண்டா?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் பொதுவான ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தேர்தலைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களில் பலர் கைக்குக் கிடைத்த முதல் சொல்லை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். மூலத்தில் 'செகண்ட் ஆர்டர் எலெக்‌ஷன்' என்று இருந்தால் இங்கே 'இரண்டாந்தரத் தேர்தல்'. 2024 ஜூனில் அந்தத் தேர்தல் நடந்தபோது இந்தச் சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. ஒரு விவாதத்தில் நெறியாளர் இதை வைத்துக்கொண்டே, ஐரோப்பிய மக்கள் தங்கள் பொது நாடாளுமன்றத்தை மட்டமாக நினைக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'ஆர்டர்' லத்தீன் 'ஓர்தோ'விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அடிப்படைப் பொருள் வரிசை, ஒழுங்கு. அரசியலறிவியலில் இந்தத் தொடரை நிலைநிறுத்தியவர்கள் ஜெர்மனியின் மன்ஹைம் ஆய்வாளர்களான கார்ல்ஹைன்ட்ஸ் ரைஃப், ஹெர்மன் ஷ்மிட் இருவரும். 1979 ஜூன் 7 முதல் 10 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு முதல்முறையாக நேரடித் தேர்தல் நடந்தது. அன்று உறுப்பு நாடுகள் 9, இடங்கள் 410. அதற்கு முன்பு அந்தந்த நாட்டு நாடாளுமன்றங்கள் அனுப்பிய ஆட்கள்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அந்த முடிவுகளைப் பிரித்துப் பார்த்து 1980இல் இவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ஒன்பது 'செகண்ட் ஆர்டர்' தேசியத் தேர்தல்கள் என்று வரும். 'தேசிய' என்ற சொல் அங்கே தெரியாமல் விழுந்ததல்ல. பெயருக்கு ஐரோப்பா முழுவதற்கும் ஒரே தேர்தல். நடந்ததோ ஒன்பது நாடுகளில் ஒன்பது உள்நாட்டுத் தேர்தல்கள். மக்கள் தங்கள் நாட்டு ஆட்சியை மனத்தில் வைத்துத்தான் வாக்களித்தார்கள் என்பது வாதம்.

அதிலிருந்து சில எதிர்பார்ப்புகள் வரும். வாக்குப்பதிவு குறையும். ஆளுங்கட்சி அடிவாங்கும், அதுவும் பதவிக்காலத்தின் நடுப்பகுதியில் பலமாக. சிறிய கட்சிகளும் புதிய கட்சிகளும் உள்நாட்டுத் தேர்தலில் வாங்குவதைவிடக் கூடுதலாக வாங்கும். யார் பிரதமர், யார் அமைச்சர் என்பது இந்த வாக்கால் மாறப்போவதில்லை என்று வாக்காளர் நினைக்கிறார். அதனால் வீட்டிலேயே இருந்துவிடுகிறார், அல்லது கோபத்தைக் காட்டுகிறார், அல்லது மனத்துக்குப் பிடித்த சின்னக் கட்சிக்குப் போடுகிறார். இதில் தரம் எங்கே வந்தது?

தமிழில் 'தரம்' சும்மா இருக்கும் சொல் அல்ல. தனியாக நின்றால் 'தரமான சரக்கு' என்று பாராட்டும். முன்னால் எண் ஏறினால் கீழே இறக்கும். 'ரெண்டாந்தரச் சரக்கு' என்றால் கடைக்காரரே விலையைக் குறைத்துச் சொல்வார். 'மூன்றாந்தரப் பேச்சு' என்றால் வசை. 'இரண்டாந்தரக் குடிமக்கள்' என்ற தொடர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உரிமை மறுக்கப்பட்டவர்களைக் குறித்துப் பல காலமாகப் புழங்குகிறது. அதன் கசப்பு அவ்வளவும் சொல்லோடு ஒட்டியிருக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துத் தேர்தலுக்குப் போட்டால் வாசகர் என்னதான் நினைப்பார்? முறைகேடான தேர்தல், மட்டமான தேர்தல், உரிமை குறைந்தவர்களின் தேர்தல், இப்படி எதையாவது நினைப்பார். ஏலத்தில் 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று கூவுவதைக் கேட்டு வளர்ந்தவருக்கோ, ஏற்கெனவே நடந்த தேர்தலை இன்னொரு முறை நடத்துகிறார்கள் என்றுகூடத் தோன்றலாம்.

இலங்கை நண்பர்கள் மறுக்கலாம். அங்கே 'தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை' என்கிறபோது தரம் என்பது வெறும் வகுப்பு. அதில் உயர்வு தாழ்வு இல்லை. சரிதான். ஆனால் அங்கே எண் பின்னால் வருகிறது. 'தரம் 2' வேறு, 'இரண்டாந்தரம்' வேறு. அங்கேயும் இரண்டாந்தரப் பிரசை என்றால் யாரும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையை நினைப்பதில்லை.

ஐரோப்பிய நாடாளுமன்றம் மட்டமான அவையும் அல்ல. இப்போது 27 நாடுகள், 720 உறுப்பினர்கள். ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் இந்த அவையின் ஒப்புதல் இல்லாமல் பதவிக்கு வர முடியாது. 1999 மார்ச்சில் ஜாக் சான்டேர் தலைமையிலான ஆணையம் முழுவதும் பதவி விலகியதற்கு இந்த அவை கொடுத்த நெருக்கடி பெரிய காரணம். ஐரோப்பாவில் விற்கும் கைபேசிகளுக்கெல்லாம் ஒரே வகைச் சார்ஜர் என்ற சட்டம் 2022 அக்டோபரில் இங்கே நிறைவேறியது. 2023இல் ஐபோனின் துளையே மாறிப்போனது நம் ஊரிலும் தெரியும். ரைஃபும் ஷ்மிட்டும் பேசியது அவையின் மதிப்பை அல்ல, வாக்காளர் மனத்தில் அந்தத் தேர்தல் எதைப் பார்த்து நடக்கிறது என்பதை.

சிலருக்கு இந்த உறுத்தல் தெரிந்திருக்கிறது. ஆனால் மாற்றாக அவர்கள் வைப்பவையும் சரியில்லை. 'இரண்டாம் கட்டத் தேர்தல்' என்று எழுதுகிறார்கள். ஏழு கட்டமாக மக்களவைத் தேர்தல் நடக்கும் நாட்டில் இதற்கு ஒரே பொருள்தான்: முதல் கட்டத்துக்கு அடுத்து, வேறு தொகுதிகளில் நடக்கும் வாக்குப்பதிவு. 'இரண்டாம் சுற்று' இன்னும் மோசம். பிரான்சில் உண்மையிலேயே இரண்டு சுற்று உண்டு. பிரான்சைப் பற்றி எழுதும்போதே அந்தச் சொல்லை இதற்கும் வைத்தால் வாசகர் தலையைச் சொறிவார். கணக்குப் பாடத்தில் வகைக்கெழுச் சமன்பாட்டின் 'ஆர்டர்' என்பதற்கு 'வரிசை' என்று வைத்திருப்பதால் 'இரண்டாம் வரிசைத் தேர்தல்' என்கிறது ஒரு தரப்பு. சொல்லுக்குச் சொல் நேர்தான், லத்தீனுக்கும் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் அரசியலில் 'இரண்டாம் வரிசை' என்றால் இரண்டாங்கட்டத் தலைவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 'துணைத் தேர்தல்' காதுக்கு நன்றாக இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தவறியவர்கள் எழுதும் துணைத் தேர்வு இல்லாமல் இருந்திருந்தால் நானே ஏற்றுக்கொண்டிருப்பேன்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான தவறு ஒன்று உண்டு. எல்லோரும் 'இரண்டு' என்ற எண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஆங்கிலத்தில் எண் இருப்பதால் தமிழிலும் எண் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கருத்தில் உள்ளது எண்ணிக்கை அல்ல, உறவு. ஒரு தேர்தல் இன்னொன்றைச் சார்ந்து நிற்கிறது. அந்த உறவைச் சொல்லத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை.

'சார்புத் தேர்தல்' என்பது என் தேர்வு.

உடனே வரும் மறுப்பு எனக்குத் தெரியும்: சார்பு என்றால் பாரபட்சம் ஆயிற்றே, ஒருசார்புத் தேர்தல் என்று படிப்பார்களே? நிலம் வாங்கிய யாரும் சார்பதிவாளர் அலுவலக வாசலில் காத்திருந்திருப்பார்கள். அந்தப் பெயரைப் பார்த்து, இவர் ஒரு பக்கம் சாய்ந்தவர் என்று ஒருவரும் பயந்ததில்லை (பயந்தால் அது வேறு காரணத்துக்காக இருக்கும்). சார்பு நீதிமன்றம் என்ற பலகை மாவட்டந்தோறும் தொங்குகிறது. அதுவும் முழு நீதிமன்றம்தான். விசாரிக்கும், தீர்ப்புச் சொல்லும், அந்தத் தீர்ப்பு செல்லும். ஆனால் மேலே உள்ள ஒன்றோடு அதற்கு உறவு உண்டு. தரக்குறைவு என்ற வாடையே இல்லாமல் அந்த உறவை மட்டும் சொல்லும் சொல் நம் அரசு அலுவலகப் பலகைகளிலேயே இருக்கும்போது, அகராதியைப் புரட்டி இரண்டாந்தரத்தை எடுத்து வருவானேன்?

பழைய துணையும் உண்டு. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல் மூன்றாகப் பிரிக்கிறது. வழிநூல் முதல்நூலின் முடிவையே கொண்டு நடப்பது. சார்புநூல் முந்தைய இரண்டோடு கொஞ்சம் ஒத்தும் மற்றதில் வேறுபட்டும் போவது. ஐரோப்பியத் தேர்தல் முடிவுகளும் கிட்டத்தட்ட அப்படித்தான். உள்நாட்டு அரசியலின் சாயல் இருக்கும், அச்சு அசலாக இருக்காது. 'வழித்தேர்தல்' என்று வைக்கலாமே என்றார் ஒரு நண்பர். வழிநூலைப்போல் முழுக்க ஒத்துப்போகும் தேர்தல் என்று ஆகிவிடும் என்பதால் ஒதுக்கினேன்.

பிரிட்டனில் வைத்துப் பார்ப்போம். 2019 மே மாத ஐரோப்பியத் தேர்தலில் நைஜல் ஃபராஜின் புதிய பிரெக்சிட் கட்சி 30 விழுக்காட்டைத் தாண்டி முதலிடம் பிடித்தது, 29 இடங்கள். ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சி 10 விழுக்காட்டைக்கூடத் தொடாமல் ஐந்தாம் இடம். வாக்குப்பதிவு 37 விழுக்காடு அளவில். அதே டிசம்பரில் பொதுத் தேர்தல். 67 விழுக்காட்டினர் வந்தார்கள். கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 365 இடங்கள், பிரெக்சிட் கட்சிக்கு ஒன்றுமில்லை. நடுவில் பிரதமர் தெரசா மே போய் போரிஸ் ஜான்சன் வந்தார். கன்சர்வேட்டிவ் கையில் இருந்த தொகுதிகளில் பிரெக்சிட் கட்சி ஆளே நிறுத்தவில்லை. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் ஏழு மாதத்தில் இவ்வளவு தூரம் புரள்வது, மே மாத வாக்கு எதைச் சார்ந்து விழுந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. இணையத்தில் கோப்புப் பகிர்வுக்காகக் கொடிபிடித்த சுவீடனின் கடற்கொள்ளையர் கட்சி 2009 ஐரோப்பியத் தேர்தலில் 7 விழுக்காடு வாங்கியது. மறு ஆண்டு உள்நாட்டுத் தேர்தலில் 1 விழுக்காடுகூட இல்லை. இப்படிக் கட்சிகள் சார்புத் தேர்தலில் பூத்துத் தலைமைத் தேர்தலில் உதிர்கின்றன.

சார்பு என்றால் விளைவு சின்னது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 ஜூன் 9 அன்று பிரான்சில் தேசியப் பேரணிக் கட்சி 31 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியது. அதிபர் மக்ரோன் தரப்புக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. அன்றிரவே மக்ரோன் தன் நாட்டு நாடாளுமன்றத்தைக் கலைத்தார். மூன்று வாரத்தில் வந்த உள்நாட்டுத் தேர்தலின் முதல் சுற்றில் வாக்குப்பதிவு 51இலிருந்து 66 விழுக்காட்டுக்கு ஏறியது. தேசியப் பேரணி அதிலும் முதலிடம். ஜூலை 7 இரண்டாம் சுற்று முடிந்தபோது இடங்களில் மூன்றாமிடம். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் புதிய பிரதமர் பார்னியேயின் அரசும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. 'இரண்டாந்தரத் தேர்தல்' ஒன்று நாட்டையே கவிழ்த்துப் போட்டது என்று எழுதிப் பாருங்கள், சொல்லும் செய்தியும் சண்டை போடும்.

இந்தக் கருத்துக்கும் எல்லை உண்டு. 1979இல் 62 விழுக்காட்டில் தொடங்கிய வாக்குப்பதிவு ஒவ்வொரு தேர்தலிலும் இறங்கி 2014இல் 42க்குச் சற்று மேலே வந்தது. ஸ்லோவாக்கியாவில் அந்த ஆண்டு வெறும் 13. ஆனால் 2019இல் மொத்தம் 50ஐத் தாண்டியது, 2024இலும் அங்கேயே நின்றது. சார்பு கூடவும் குறையவும் செய்யும். 'சார்பு தளர்ந்தது', 'சார்பு இறுகியது' என்று தமிழில் சொல்ல முடியும். தரம் தளர்ந்தது என்று சொல்ல முடியுமா?

கூடவே வரும் மற்ற மொழிபெயர்ப்புகளையும் சொல்லாமல் விட மனமில்லை. ரைஃபும் ஷ்மிட்டும் எடுத்துக்காட்டிய அமெரிக்க 'மிட் டெர்ம்' தேர்தலை நம் பத்திரிகைகள் 'இடைக்காலத் தேர்தல்' என்கின்றன. நமக்கு அந்தச் சொல், 1971இல் நடந்ததுபோல, அவையைக் கலைத்துக் காலத்துக்கு முன்பே வைக்கும் தேர்தல். அமெரிக்காவிலோ அது நாள் குறித்து வருவது. 'பதவிக்கால நடுத்தேர்தல்' என்று எழுதினால் கை தேய்ந்துவிடாது. 'ஐரோப்பிய மக்கள் கட்சி வென்றது' என்றும் எழுதுகிறார்கள். ஜெர்மன் வாக்காளர் கிறித்தவ ஜனநாயக ஒன்றியத்துக்கும் ஸ்பெயின்காரர் அங்குள்ள மக்கள் கட்சிக்கும் போட்ட வாக்குகள் அவைக்குள் போய் ஒரு குழுவாகச் சேர்கின்றன, அவ்வளவுதான். இருக்கிற கூத்தில் உச்சம் 'சூப்ரா நேஷனல்' என்பதற்கு 'அதிதேசிய' என்று எழுதுவது. தேசங்களுக்கு மேலே நிற்கும் அவையை, தேசவெறி முற்றிய அவை என்று படிக்க வைக்கிறது. 'நாடுகளுக்கு மேலான' என்று விரித்தே எழுதிவிடலாம். 'மேல்நாட்டு' என்று சுருக்கினால் கோட்டும் தொப்பியும் வந்து நிற்கும்.

மறுமுனையில் உள்ள, ஆட்சியைத் தீர்மானிக்கும் 'ஃபர்ஸ்ட் ஆர்டர்' தேர்தலுக்கு 'முதல் தேர்தல்' என்றால் 1952 நினைவுக்கு வரும், 'முதன்மைத் தேர்தல்' அமெரிக்கக் கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிக்குப் போய்விட்டது. அதனால்தான் மேலே 'தலைமைத் தேர்தல்' என்று எழுதினேன். எது தலைமை, எது சார்பு என்பது ஊருக்கு ஊர் மாறும். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் திமுக–இந்திரா காங்கிரஸ் கூட்டணிக்குத் தமிழ்நாட்டின் 39இல் 37 கிடைத்தது. அதே மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதிமுக ஆட்சியைப் பிடித்தது. இதில் எதை எதன் சார்பு என்பீர்கள்? டெல்லி பெரிது என்பதால் மக்களவைதான் தலைமை என்று சொல்லிவிட முடியாது.

எழுதும்போது நடுவில் வரும் 'த்' என்ற ஒற்றெழுத்தை விட்டுவிட வேண்டாம். 'சார்பு தேர்தல்' என்று எழுதினால் இரண்டு சொல்லும் தனித்தனியாக நிற்கும். சார்புத் தேர்தல், சார்புத்தேர்தல் இரண்டில் எப்படி எழுதினாலும் சரி. அந்தப் பண்பைக் குறிக்கச் சார்புத்தன்மை ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒன்றும் கட்ட வேண்டியதில்லை.